கொங்கிரீட்டும் சாம்பலும்: மலையக நீர்த்தேக்கங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றைத் தேயிலையின் வரலாறாக எழுதுவதே நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. கோப்பி அழிந்தமையும், தேயிலை தழைத்தமையும், அதன்பொருட்டுத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டமையும், அவர்தம் லய வாழ்க்கையும் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின் அதே மலைகளில், அதே ஆறுகளின் கரைகளில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் வேறொரு வரலாறும் உருப்பெற்று வந்தது. அது கொங்கிரீட்டின் வரலாறாகும். நோர்ட்டன் பிரிட்ஜிலும், காசல்ரீயிலும், மவுசாக்கலையிலும், தலவாக்கலையிலும் ஆற்றை மறித்து நிற்கும் சுவர்கள், தேயிலைத் தொழிற்சாலைகளைப் போலவே மலையக மக்களின் வாழ்வை மாற்றியமைத்தவையாகும். எனினும் அச்சுவர்கள் எவ்வாறு எழுந்தன, எவற்றால் ஆயின என்னும் வினாக்கள் நம்மவரிடையே அதிகம் எழுப்பப்பட்டதில்லை.

கலைப்பீட மாணவன் ஒருவன் பொறியியலாளர்க்குரிய இத்துறையினுள் நுழைவது அத்துமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆதலின் இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்த நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுதல் பொருத்தமாகும்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் புதியதொரு தண்ணீர்த்தாங்கி கட்டப்பட்டது. பலகை கழற்றிய இரண்டாம் வாரத்திலேயே அதன் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. நிலம் இறங்கிவிட்டது என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். பொறுப்பில் இருந்தவர்களோ, மேசன் சீமெந்தைக் குறைத்துவிட்டார் என்று தீர்ப்பளித்தனர். அவர் எங்கள் லயத்தைச் சேர்ந்தவர். நாங்கள் மாமா என்று அழைப்பவர். அவருடைய கடைசிக் கிழமைக் கூலி நிறுத்தப்பட்டது. வேறொருவரைக் கொண்டு, சீமெந்தைக் கூட்டிப் போட்டு, சுவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டன. இரண்டாம் முறையும் சுவர் வெடித்தது. முன்னையினும் அகலமாக வெடித்தது. ஆயினும் முதலாமவர்மீது விழுந்த பழி நீங்கவில்லை. சீமெந்தைக் கூட்டியபின் வெடிப்பும் கூடியது ஏன் என்னும் கேள்வி அன்று முதல் என் மனத்தில் இருந்து வந்தது. அதற்கு விடை தேடிச் சென்றபோது எதிர்ப்பட்டதே சாம்பலின் வரலாறு.

வெடிப்பின் மூலம்

சீமெந்து நீரை உறிஞ்சிக் காய்ந்து இறுகுகிறது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மை அதுவன்று. சீமெந்து நீருடன் வேதியியல் முறையிற் சேர்ந்தே இறுகுகிறது. அச்சேர்க்கையின்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கனமீற்றர் கொங்கிரீட்டிற் சேரும் ஒவ்வொரு நூறு கிலோகிராம் சீமெந்தும், வெப்பம் வெளியேற வழியில்லாத தடித்த பகுதியின் வெப்பநிலையை ஏறத்தாழ 10 முதல் 12 பாகை வரை உயர்த்தவல்லது. 350 கிலோகிராம் சீமெந்து இடப்பட்டால், 20 பாகையில் ஊற்றப்பட்ட கலவையின் நடுப்பகுதி இரண்டொரு நாளில் 55 பாகையையும் கடந்துவிடக்கூடும். அவ்வேளையில் வெளிப்புறமோ நுவரெலியாவின் தை மாத இரவுக் குளிரில் நின்றுகொண்டிருக்கும்.

சூடான உட்பகுதி விரிய முற்படுகிறது. குளிர்ந்த வெளிப்பகுதி சுருங்க முற்படுகிறது. கொங்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது. இழுவையைத் தாங்கும் அதன் ஆற்றலோ அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அதுவும் பிறந்து சில நாட்களேயான கொங்கிரீட்டில் அவ்வாற்றல் இன்னும் குறைவு. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வேறுபாடு 20 பாகையை மீறுமிடத்து வெடிப்பு நேரக்கூடும் என்பது பொறியியலாளர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் அளவுகோலாகும்.

சுவர் மெல்லியதாக இருப்பினும் இவ்விடர் முற்றிலும் நீங்குவதில்லை. முன்னரே இட்டு இறுகிப்போன அடித்தளத்தின்மீது புதுச் சுவர் எழுப்பப்படும்போது, அது சூடேறிப் பின் குளிர்ந்து சுருங்குகையில் அடித்தளம் அதனைச் சுருங்கவிடாது பிடித்துக்கொள்கிறது. அதன் விளைவாக, அடியிலிருந்து மேல்நோக்கி, ஏறத்தாழ ஒத்த இடைவெளிகளில், நேர்நிலையான வெடிப்புகள் தோன்றும். நிலம் இறங்குவதால் உண்டாகும் வெடிப்பு பெரும்பாலும் சாய்வாகச் செல்வது. எங்கள் தண்ணீர்த்தாங்கியில் நான் கண்டவை நேர்நிலை வெடிப்புகளே. சீமெந்தைக் கூட்டியமை வெப்பத்தைக் கூட்டியது. வெப்பம் சுருக்கத்தைக் கூட்டியது. சுருக்கம் வெடிப்பைக் கூட்டியது. மேசன்மீது சுமத்தப்பட்ட குற்றம் அறியாமையின் விளைவென்பதை இதனின்றும் உணரலாம்.

சாம்பலின் பழமை

சீமெந்தைக் கூட்டுவது தீர்வாகாதெனில், வலிமை குறையாது வெப்பத்தைக் குறைப்பது எங்ஙனம்? இதற்குரிய விடையின் ஒரு பகுதி, சீமெந்து பிறப்பதற்கு முன்னரே மனிதர் கையில் இருந்தது என்பது வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியது.

இன்று நாம் பயன்படுத்தும் போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டிலாகும். அதற்கு ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், உரோமர் 43 மீற்றர் குறுக்களவு கொண்ட பந்தியன் கோயிலின் குவிமாடத்தைக் கொங்கிரீட்டால் எழுப்பியிருந்தனர். அவர்கள் பயன்படுத்தியவை சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலுமே. நேப்பிள்சுக்கு அண்மையிலுள்ள பொசுவோலி என்னும் ஊரின் பெயராலேயே இத்தகைய பொருள்கள் இன்றும் பொசோலானா என வழங்கப்படுகின்றன. தனித்து நின்றால் இறுகாத இச்சாம்பல், சுண்ணாம்புடனும் நீருடனும் சேர்ந்தவிடத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் சேர்வதே அதற்குக் காரணமாகும்.

எரிமலை இல்லாத நம் நாடுகளில் அதற்கு ஈடாக அமைந்தது சுட்ட செங்கலின் தூள். சுர்க்கி என வழங்கும் அத்தூளைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டும் முறை இந்தியாவெங்கும் பரவியிருந்தது. இதற்குச் சிறந்த சான்று முல்லைப் பெரியாறு அணையாகும். பென்னிகுயிக் தலைமையில் எழுப்பப்பெற்று 1895இல் நிறைவெய்திய அவ்வணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கொங்கிரீட்டால் ஆயது. அந்த அணை எழுந்த காலத்திலேயே, அது நீர் பாய்ச்சவிருந்த மதுரைச் சீமையிலிருந்தும் அதன் அயல் மாவட்டங்களிலிருந்தும் வறுமையால் உந்தப்பட்டோர் இலங்கையின் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சீமெந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இப்பழைய முறைகள் பின்தள்ளப்பட்டன. விரைவில் இறுகுவது, விரைவில் பலகை கழற்ற இடந்தருவது, விரைவில் வேலை முடிப்பது என்பனவே புதிய பொருளின் பெருமைகளாகக் கொள்ளப்பட்டன. அவ்விரைவுக்குரிய விலை வெப்பம் என்பது பேரணைகள் கட்டப்பட்டபோதே நன்கு உணரப்பட்டது.

பறக்கும் சாம்பல்

ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் எழுந்த ஹூவர் அணை இவ்வகையில் ஒரு திருப்புமுனையாகும். அத்துணைப் பெரிய கொங்கிரீட் திரள் தானாகக் குளிர்வதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்செல்லும் எனக் கணக்கிடப்பட்டது. ஆதலால் அணை தனித்தனிப் பாளங்களாக ஊற்றப்பட்டு, உள்ளே பதிக்கப்பட்ட குழாய்களில் குளிர்நீர் செலுத்தப்பட்டது. இது வெப்பம் பிறந்தபின் அதனை வெளியேற்றும் முறை. வெப்பம் பிறப்பதையே குறைக்கும் வழியை அதே காலத்தில் வேறொரு பொருள் காட்டியது.

நிலக்கரியை மாவாக அரைத்து உலையில் ஊதி எரிக்கும் மின்நிலையங்கள் 1920கள் தொடக்கம் பெருகின. அவற்றின் புகைபோக்கி வழியே மிக நுண்ணிய சாம்பல் வெளியேறிச் சுற்றுப்புறமெங்கும் படிந்தது. பறந்து செல்வதனாலேயே அது பறக்கும் சாம்பல் எனப் பெயர் பெற்றது. அதன் துகள்கள் உலைத் தீயில் உருகிக் காற்றிலேயே குளிர்ந்தமையால் பெரும்பாலும் கண்ணாடி உருண்டைகளாய் இருப்பன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிசும் அவர்தம் குழுவினரும் இதனைச் சீமெந்துடன் கலந்து ஆராய்ந்து 1937இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிக்கல்லாகப் போற்றப்படுகிறது.

சாம்பலின் செயல் இருவகைப்படும். முதலாவது, சீமெந்தின் ஒரு பங்கை நீக்கி அவ்விடத்தில் தான் அமர்வதால் தொடக்க நாட்களில் வெளிப்படும் வெப்பம் குறைகிறது. இரண்டாவது, சீமெந்து இறுகும்போது எஞ்சும் சுண்ணாம்புடன் அது பின்னர் மெல்லச் சேர்ந்து, கிழமைகளும் மாதங்களும் செல்லச் செல்ல வலிமையை வளர்க்கிறது. உருண்டை வடிவினதாகையால் கலவையும் இளக்கமாகிறது. நீரின் தேவை குறைகிறது. நீர் குறையவே காய்ந்து சுருங்குவதும் ஓரளவு குறைகிறது.

1948 முதல் 1953 வரை மொண்டானா மாநிலத்தில் கட்டப்பட்ட ஹங்றி ஹோர்ஸ் அணையில் ஒரு இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட பறக்கும் சாம்பல் பயன்படுத்தப்பட்டது. பேரணையொன்றில் இது பெருமளவிற் பயன்பட்டமை அங்கேயேயாம். இந்தியாவில் 1962இல் நிறைவெய்திய ரிஹாண்ட் அணையில் இம்முறை கையாளப்பட்டது. உலகின் சிமினிகளிலிருந்து கழிவாக வெளியேறிய பொருள், கால் நூற்றாண்டுக்குள் அணைகளின் உறுதிக்குத் துணையாகியது.

மலையகத்து அணைகள்

இனி நம் மலைகளுக்கு வருவோம். மலையக ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்னும் எண்ணத்தை முன்வைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். நுவரெலியா நகருக்கு ஒளியூட்டும் பொருட்டு பிளக்பூலில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை 1912இல் அவர் அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் நாட்டின் மின்வளமாகக் கண்டது. களனி கங்கையாக ஒன்றிணையும் இவ்விரு ஆறுகளின் படுக்கை முழுவதும் அன்று தேயிலைத் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது.

அவ்வெண்ணம் செயலாக மூன்று தசாப்தங்கள் சென்றன. 1950இல் நோர்ட்டன் பிரிட்ஜ் அணையும் லக்சபான மின்நிலையமும் இயங்கத் தொடங்கின. 1965இல் காசல்ரீ அணை. 1969இல் மவுசாக்கலை அணை. 1974இல் புதிய லக்சபான மின்நிலையம். 1983இல் கெனியோன் அணை எனத் தொடர்ந்த இவ்வரிசை, கொழும்பின் விளக்குகளுக்கும் ஆலைகளுக்கும் நெடுங்காலம் ஆதாரமாய் இருந்தது. 1985இல் கொத்மலையில் 87 மீற்றர் உயரமான பாறை நிரப்பு அணை கொங்கிரீட் முகப்புடன் எழுந்தது. அதே ஆண்டில் கண்டிச் சீமையில் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை, மெல்லிய கொங்கிரீட் வளைவாக நிறைவு பெற்றது.

இவ்வாண்டுகளை மலையக மக்களின் அரசியல் வரலாற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. லக்சபானவிலிருந்து மின்சாரம் பாயத் தொடங்கியபோது, அவ்வணையைச் சூழ வாழ்ந்தோர் வாக்குரிமையை இழந்திருந்தனர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. காசல்ரீயில் நீர் நிறைந்தது 1965இல். தம் முன்னோர் நட்ட தேயிலை நீருக்குள் அமிழ்வதை, தாம் எந்நாட்டவர் என்றறியாத மக்கள் கரையில் நின்று கண்டனர். மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து வெளிப்படுவதை இன்றும் காணலாம். ஆண்டுகள் பல கடந்தும் நீர்த்தேக்கங்களின் கரையிலுள்ள லயங்களிலேயே குப்பி விளக்கு எரிந்தது என்பது முதியோர் பலரும் கூறும் செய்தி.

இவ்வணைகளின் காலத்தில் இலங்கையில் பறக்கும் சாம்பல் உற்பத்தியாகவில்லை. காரணம் எளியது: நீரினாலும் எண்ணெயினாலும் மின்சாரம் பெற்ற நாட்டில், நிலக்கரியை அரைத்து எரிக்கும் பெரிய மின்நிலையம் இருக்கவில்லை. 1880களில் அட்டனையும் நானுஓயாவையும் எட்டிய புகையிரதங்கள் நிலக்கரி எரித்தன என்பது உண்மையே. ஆயின் கட்டியாக எரித்த நிலக்கரி தந்தது கரடுமுரடான கசடு. அது இப்பணிக்கு உதவாது. தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுச் சாம்பலும் அவ்வாறே. அதில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் மிகுதி. வினைபுரியும் சிலிக்கா குறைவு. மரக்கறித் தோட்டத்துக்கு அது உரமாகுமேயன்றிக் கொங்கிரீட்டுக்குத் துணையாகாது. சாம்பலெல்லாம் ஒன்றல்ல என்பதை இவ்விடத்து வற்புறுத்துதல் அவசியம். அடுப்புச் சாம்பலைச் சீமெந்திற் கலக்கலாம் என எவரும் கருதிவிடலாகாது. உமிச் சாம்பல் மாத்திரம், உரிய வெப்பநிலையில் எரித்து அரைக்கப்பட்டால், சிலிக்கா நிறைந்த நல்ல பொருளாகும் என ஆய்வாளர் கண்டுள்ளனர்.

சாம்பல் கிடைக்காவிடத்து அக்கால அணை கட்டுவோர் கைக்கொண்ட பொது முறைகள் பொறுமையையே அடிப்படையாகக் கொண்டவை. தாழ்ந்த படைகளாக ஊற்றுதல், ஒரு படை குளிரும்வரை அடுத்த படையைத் தாமதித்தல், பாளங்களுக்கிடையே இணைப்புகளை விடுதல், சல்லியையும் நீரையும் குளிர்வித்தல், இயன்றவரை சீமெந்தைக் குறைத்தல் என்பன அவை. பேரணைக்குக் கிடைத்த இவ்வறிவு, அதன் நிழலில் கட்டப்பட்ட தோட்டத்துத் தண்ணீர்த்தாங்கிக்கும் பாலத்துக்கும் வந்து சேரவில்லை. நான் வரலாற்றுக் குறையாகக் காண்பது இதனையே.

நுரைச்சோலையின் சாம்பல்

2011இல் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் லக்விஜய நிலக்கரி மின்நிலையத்தின் முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. 2014இல் அது 900 மெகாவாற்று நிலையமாக நிறைவெய்தியது. அதனோடு இலங்கை தன் சொந்தப் பறக்கும் சாம்பலைப் பெற்றது. அதே காலப்பகுதியில் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் எழுந்து 2012இல் 150 மெகாவாற்று மின்சாரத்தைத் தரத் தொடங்கியது. மலையகத்தின் இப்பெரும் நீர்மின் அணையும், கரையோரத்தில் கட்டப்பட்ட முதற் பெரும் நிலக்கரி நிலையமும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் எழுந்தன. மலையின் நீர் மட்டும் நாட்டுக்குப் போதாது என்ற நிலை வந்தபோதே கடற்கரையில் சாம்பல் பிறந்தது. மேல் கொத்மலைக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளயர் நீர்வீழ்ச்சி தன் பழைய பெருக்கை இழந்தது.

நுரைச்சோலைச் சாம்பலுக்கும் இரு முகங்கள் உண்டு. காற்று வீசும் காலங்களில் நிலக்கரித் தூளும் சாம்பலும் தம் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிவதாக அப்பகுதி விவசாயிகள் முறையிட்டு வந்துள்ளனர். அதே சாம்பல் சீமெந்து நிறுவனங்களால் பெறப்பட்டுக் கலப்புச் சீமெந்தாக மாறி நாடெங்கும் செல்கிறது. கலப்புச் சீமெந்துக்கென எஸ்.எல்.எஸ். 1247 என்னும் இலங்கைத் தரநிலையும், கலப்பற்ற சாதாரண போட்லண்ட் சீமெந்துக்கென எஸ்.எல்.எஸ். 107 என்னும் தரநிலையும் உள்ளன. ஒரு தொன் சீமெந்துக் கட்டியைச் சுடுவதில் ஏறத்தாழ 0.8 முதல் 0.9 தொன் வரையான காபனீரொட்சைட்டு வெளியேறுகிறதாகையால், சாம்பல் சேர்ப்பது சூழலுக்கும் ஓரளவு நன்மையே. வெளியிற் கொட்டினால் தீங்காவது, சுவருக்குள் அடைபட்டால் பயனாகிறது.

லயமும் புதுவீடும்

இன்று அட்டன் கடைத்தெருவில் ஒரு தோட்டத் தொழிலாளி சீமெந்து மூடையொன்றை வாங்கும்போது, அதனுள் சாம்பல் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. நூற்றாண்டு கடந்த லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்து வரும் காலம் இது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றுக்குப் புறம்பாக, தம் கைப்பணத்தையும் கடனையும் கொண்டு இஸ்தோப்பைப் பெருப்பிப்போரும், தொங்கல் காம்பராவுக்கு ஓர் அறை சேர்ப்போரும், கூரைக்கு மேல் தட்டுப் போடுவோரும் பலர். கொழுந்துக் கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எழும் அத்தட்டு வெடிக்குமாயின் அதனை மீளக் கட்டும் வசதி அவர்களுக்கில்லை.

இங்கு சாம்பலின் இயல்பைச் சரிவர அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகிறது. சாம்பல் வெப்பத்தைக் குறைக்கிறது; அதற்கீடாகக் காலத்தைக் கேட்கிறது. சாதாரணச் சீமெந்து ஏழு நாளில் அடையும் வலிமையைச் சாம்பல் கலந்த சீமெந்து பிந்தியே அடையும். 56 நாளிலும் 90 நாளிலுமே அதன் முழு நலம் புலப்படும். குளிர் இவ்வினையை இன்னும் தாமதப்படுத்துகிறது. ஆறாயிரம் அடிக்கு மேலே, இரவில் உறைபனி விழக்கூடிய தை, மாசி மாதங்களில், கொழும்பில் பலகை கழற்றும் நாட்கணக்கை நுவரெலியாவில் அப்படியே பின்பற்றுதல் ஆபத்தானது.

பிறிதொரு முரணும் உண்டு. சாம்பல் கலவை மெல்ல இறுகுவதால் மேற்பரப்பு நெடுநேரம் பச்சையாக இருக்கும். உச்சி வெயிலும் வரண்ட காற்றும் உள்ள மலைப்பகலில் அப்பரப்பின் நீர் விரைந்து ஆவியாகுமாயின், இறுகுமுன்னரே மெல்லிய வெடிப்புகள் தோன்றும். இவ்வகை வெடிப்பைச் சாம்பல் தடுப்பதில்லை; கவனமின்றேல் கூட்டவும் செய்யும். எனவே சாம்பலைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்வது தவறு. ஊற்றிய தட்டை உடனடியாக மூடுதலும், இறுகியபின் ஈரச் சாக்கோ படங்கோ இட்டு நனைத்து வைத்தலுமே அதற்குரிய காப்பு. சாதாரணச் சீமெந்துக்கு ஏழு நாளும், சாம்பல் போன்றன கலந்ததற்குப் பத்து நாளும் குறையாமல் ஈரங்காத்தல் வேண்டும் என 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 456 கூறுகிறது. இரவுக் குளிரில் அதே மூடாக்கு வெப்ப வேறுபாட்டையும் குறைக்கும். தடித்த அத்திவாரத்துக்கும் நீர்த்தாங்கிக்கும் சாம்பல் கலந்த சீமெந்து பெரிதும் உகந்தது. விரைவில் பாரமேற்ற வேண்டிய மெல்லிய தட்டுக்குக் கூடுதல் நாட்கள் கொடுத்தே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

இவையனைத்தும் பொறியியற்பீட மாணவருக்கு முதலாம் இரண்டாம் ஆண்டுப் பாடங்களாக இருத்தல் கூடும். தோட்டத்து மேசனுக்கோ இவை எவரும் சொல்லாத செய்திகள். அவர் தந்தையிடம் தொழில் பழகிய காலத்தில் மூடைக்குள் இருந்த பொருள் வேறு. இன்றுள்ள பொருள் வேறு. பொருள் மாறியதை அவருக்கு அவர் மொழியில் விளக்குவோர் இல்லை. பழைய நாட்கணக்கில் அவர் பலகை கழற்றுகிறார், சுவர் வெடிக்கிறது, பழி அவர் தலையில் விழுகிறது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது யாது? கொங்கிரீட்டின் இளமை வெடிப்பு பெரும்பாலும் அவசரத்தால் விளைவது. உரோமரின் எரிமலைச் சாம்பலும், பெரியாற்றுச் சுர்க்கியும், நுரைச்சோலைச் சாம்பலும் ஒரே உண்மையையே உணர்த்துகின்றன: மெல்ல இறுகுவது நெடிது நிற்கும். ஆயின் அப்பயன், அப்பொருளை அறிந்து காத்திருப்போர்க்கே கிட்டும்.

மலையகத்தில் அணைகள் எழுந்த வரலாறு, அறிவும் ஒளியும் அம்மலைகளின் வழியே பாய்ந்து வேறிடம் சென்ற வரலாறாகவே பெரிதும் அமைந்தது. ஆற்றைத் தந்தவர்களும் நிலத்தை இழந்தவர்களும் விளக்கைப் பிந்தியே பெற்றனர். சாம்பல் கலந்த சீமெந்தின் விடயத்திலும் அந்நிலை மீண்டும் நேர்ந்துவிடக் கூடாது. மூடை வந்துவிட்டது, அதனைப் பற்றிய அறிவும் அதனுடன் வருதல் வேண்டும். வீடு கட்டும் ஒவ்வொரு தோட்டத்திலும் எளிய தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் போதும்: எத்தனை நாள் நனைப்பது, எத்தனை நாள் பலகை தாங்குவது, குளிரிலும் வெயிலிலும் என்ன செய்வது என்பன அதில் இருந்தால் போதும். பொறியியற்பீடத்தில் பயிலும் நம் நண்பர்களும் தமிழ்ச் சங்கத்தைச் சேர்ந்த நாமும் இணைந்தால் ஒரு விடுமுறைக் காலத்துக்குள் முடிக்கக்கூடிய பணி அது.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது, நான் அறிந்தவற்றை அம்மேசன் மாமாவிடம் கூறினேன். வெடிப்பு ஏன் நேராக மேலெழுந்தது என்பதை விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, இத அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருந்தா, நானே ரெண்டு நாள் கழிச்சுப் பலக கழட்டியிருப்பேனே" என்றார். நிறுத்தப்பட்ட கூலியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.